தொண்டையை ஏமாற்றும் வடிகட்டி

கஞ்சாவைக் காகிதத்தில் சுருட்டிய ஜாயின்ட்டின் நுனியில் செருகும் சின்ன டிப், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இன்று தனி வியாபாரம். அட்டை, பஞ்சு, கண்ணாடி, கரி என்று விதவிதமாக வந்துவிட்டது. புகை இதமாகிறது என்பது உண்மை. ஆபத்தும் குறைகிறதா?

ஆம்ஸ்டர்டாமில் 'காஃபிஷாப்' என்று பலகை மாட்டிய கடைக்குள் யாரும் காபிக்காக மட்டும் நுழைவதில்லை. கவுன்ட்டரில் கஞ்சா வகைகளின் பட்டியலும் கிராம் கணக்கில் விலையும் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் தராசு, சுருட்டும் காகிதக் கட்டுகள். அவற்றோடு இரண்டு விரல் அகலத்தில் ஓர் அட்டைப் புத்தகம். துளையிட்ட கோட்டில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொள்ளலாம். அதுதான் டிப்.

நெதர்லாந்து 1976-ல் தன் அபின் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவை ஹெராயின் போன்ற கொடிய போதைப்பொருட்களிடமிருந்து பிரித்துவைத்தது. கஞ்சா விற்பது அங்கே இன்றும் ஏட்டளவில் குற்றம்தான். ஆனால், நிபந்தனைகளை மீறாத கடைகள்மீது வழக்குப் போடுவதில்லை. ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவரை உள்ளே விடக் கூடாது. விளம்பரம் கூடாது. கடையில் 500 கிராமுக்கு மேல் இருப்பு கூடாது. இத்தனை விதிகளும் சரக்கையும் அதை விற்பதையும் பற்றியவை. நுனியில் செருகும் அந்த அட்டைத்துண்டை இவற்றில் எதுவும் கவனிப்பதில்லை. புகைப்பவரின் நம்பிக்கையோ அந்தத் துண்டின்மீதுதான் இருக்கிறது.

தொண்டையில் எரிச்சல் குறைந்தால், இருமல் வராவிட்டால், 'நஞ்சு வடிகட்டப்பட்டுவிட்டது' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்த முடிவு தவறு. இதே தவறுக்கு சிகரெட் புகைத்த ஒரு தலைமுறை உயிரால் விலை கொடுத்திருக்கிறது. கஞ்சா சந்தை இப்போது அதே பாதையில் அடியெடுத்து வைப்பதால்தான் இந்தக் கட்டுரை.

அட்டை என்ன செய்கிறது?

கை தேர்ந்தவர் டிப் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அட்டைத்தாளின் ஒரு முனையை முன்னும் பின்னுமாக மூன்று நான்கு மடிப்பு மடிக்கிறார். மீதித் தாளை அந்த மடிப்பைச் சுற்றி இறுக்கமாக உருட்டுகிறார். ஒரு முனையிலிருந்து பார்த்தால், வட்டத்துக்குள் கோணல்மாணலாக ஒரு சுவர் தெரியும். சுவருக்கு இருபுறமும் காற்றுப் போகும் வழி. இந்த உருளையைக் காகிதத்தின் ஓரத்தில் வைத்து, மறுபக்கம் தூளைப் பரப்பி, ஒரே சீராகச் சுருட்டி, பசையை நாக்கால் தடவி ஒட்டிவிடுகிறார். ஒரு நிமிட வேலை.

இந்த உருளை செய்யும் வேலைகள் உருப்படியானவை. முதலாவது, வாய்ப்பக்கம் நசுங்காமல் நிற்கிறது. டிப் இல்லாத ஜாயின்ட்டின் நுனி எச்சிலில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க அடைக்கும். இரண்டாவது, தூள் வாய்க்குள் வராமல் அந்த மடிப்புச்சுவர் தடுக்கிறது. மூன்றாவது, நெருப்பு உதட்டை நெருங்கும்போது பிடித்துக்கொள்ளச் சுடாத ஓரிடம் கிடைக்கிறது. நான்காவது, காற்றின் வேகம் சீராகிறது. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு புகை வரும் என்பது புகைப்பவருக்குப் பிடிபடுகிறது. ஒரே ஜாயின்ட் கைமாறிச் சுற்றிவரும் கூட்டத்தில் ஈர நுனியின் அருவருப்பும் குறைகிறது.

இத்தனையும் பிடிக்கும் சுகம், இழுக்கும் சுகம் சம்பந்தப்பட்டவை. வடிகட்டுவது இந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. அட்டை மடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு. புகையில் மிதக்கும் துளிகளோ ஒரு மைக்ரோமீட்டரைவிடவும் சிறியவை. அதாவது, இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அட்டையின் சுவரில் கொஞ்சம் பழுப்பு ஒட்டும். மீதி எல்லாம் நேரே நுரையீரலுக்குப் போகும்.

கண்ணாடி டிப்பின் கதையும் இதுதான். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், நசுங்காது, உதட்டில் ஒட்டாது, புகைக்கு அட்டை வாசனை ஏறாது. புகை அதன் குளிர்ந்த சுவரில் பட்டுக் கொஞ்சம் சூடு தணியலாம். சில நாளில் உட்புறம் கரும்பழுப்பாகிவிடும். அந்தக் கறையைப் பார்ப்பவருக்கு 'இவ்வளவும் உள்ளே போயிருக்குமே' என்று தோன்றும். எவ்வளவு உள்ளே போனது என்பதைக் கறை காட்டாது.

ஜாயின்ட் குறையக் குறையப் புகை ஏன் காட்டமாகிறது என்பதும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. புகை கடந்துவரும் வழியில் எரியாத தூளே ஒரு சல்லடையாகி, புகையின் பிசுபிசுப்பான கசடான தாரின் ஒரு பகுதியைத் தன்மேல் படியவிடுகிறது. நெருப்பு அந்த இடத்தை எட்டும்போது, ஏற்கெனவே படிந்ததும் சேர்ந்து எரிகிறது. சூடு ஆறுவதற்கான தூரமும் குறைந்துவிடுகிறது. ஆகவே, கடைசி இழுப்புகள்தாம் மிகச் சூடானவை, மிக அடர்த்தியானவை. விரல் சுடாமல் கடைசித் துணுக்கு வரை இழுக்க டிப் உதவுகிறது. அதாவது, தூக்கி எறிந்திருக்க வேண்டிய அந்த மோசமான துண்டையும் சௌகரியமாகப் புகைக்க வழிசெய்கிறது. வீணாகக் கூடாது என்று நினைப்பவருக்கு அது லாபமாகத் தெரியும். நுரையீரலின் கணக்கில் நஷ்டம்.

தாரும் போதையும் ஒரே துளியில்

'அட்டை வேண்டாம், சிகரெட்டில் இருப்பதுபோலப் பஞ்சு வைத்தால்?' என்று சிலர் கேட்பார்கள். சிகரெட் ஃபில்டரில் இருப்பது பருத்திப் பஞ்சில்லை. செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. அந்த இழைக்காடு புகைத்துளிகளில் ஒரு பகுதியை நிஜமாகவே பிடித்து வைக்கிறது. கஞ்சாவில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி பிசுபிசுப்பான எண்ணெய்த் தன்மை கொண்டது. சூட்டில் ஆவியாகி, ஆறும்போது தார்த்துளிகளோடு சேர்ந்தே உறைகிறது. ஒரே துளியில் தாரும் இருக்கும், டிஹெச்சியும் இருக்கும். தாரைப் பிடிக்கும் இழை டிஹெச்சியையும் பிடிக்கும். டிஹெச்சியை விடும் வழி தாரையும் விடும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை கதையில் உண்டு. இந்தப் புகையில் கிடையாது.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்த்தார்கள். 1990-களின் மத்தியில், கஞ்சா சட்டச் சீர்திருத்தத்துக்காகப் போராடும் கலிஃபோர்னியா நார்மல், மனநிலையை மாற்றும் பொருட்களின் ஆய்வை ஊக்குவிக்கும் மேப்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தன. சாதாரண ஜாயின்ட், சிகரெட் ஃபில்டர் பொருத்திய ஜாயின்ட், தண்ணீர் வழியே புகையிழுக்கும் பாங் வகைகள், ஆவியாக்கும் கருவிகள் ஆகியவற்றின் புகையை இயந்திரத்தில் இழுத்து, ஒரு பங்கு டிஹெச்சிக்கு எத்தனை பங்கு தார் வருகிறது என்று கணக்கிட்டார்கள். தண்ணீரில் குளித்து வரும் புகை சுத்தமானது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. முடிவு நேர்மாறாக வந்தது. தண்ணீர் தாரைவிட டிஹெச்சியைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டது. சிகரெட் ஃபில்டர் வைத்ததும் இந்தக் கணக்கில் சாதாரண ஜாயின்ட்டைவிடப் பின்தங்கியது. கஞ்சாவுக்கு ஆதரவாக நிற்பவர்களே தங்கள் பணத்தில் செய்த ஆய்வு இது என்பதால் இதன் கனம் கூடுகிறது.

இந்தக் கணக்கின் உட்பொருள் நடைமுறையில்தான் விளங்கும். போதைக்காகப் புகைப்பவர், தனக்கு வேண்டிய அளவு போதை ஏறும் வரை நிறுத்த மாட்டார். ஃபில்டர் போதையைக் குறைத்தால் இன்னும் ஆழமாக இழுப்பார், இன்னும் நான்கு இழுப்பு இழுப்பார், அல்லது அடுத்ததைச் சுருட்டுவார். வடிகட்டியதாக நினைத்த தார் முழுக்கத் திரும்பி வந்துவிடும். சில சமயம் வட்டியோடு வரும்.

இழுக்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நுரையீரல் மருத்துவர் டொனால்ட் டாஷ்கின் குழு, 1988-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிகரெட், கஞ்சா இரண்டையும் வழக்கமாகப் புகைத்த 15 ஆண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஃபில்டர் சிகரெட்டைவிடக் கஞ்சாவில் உள்ளே போன தார் சுமார் மூன்று மடங்கு. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய அளவு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கஞ்சா புகைத்தபோது அவர்கள் மூச்சை அடக்கிவைத்த நேரம் சிகரெட்டைப்போல் நான்கு மடங்கு. இழுப்பும் பெரிது, ஆழமும் அதிகம். இந்த வித்தியாசம் போதைச் சத்து அறவே குறைந்த கஞ்சாவிலும் மாறவில்லை. அதாவது, அது பழக்கத்தின் விளைவு.

மூச்சை அடக்கினால் போதை கூடும் என்பது புகைப்பவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பாடம். அதைச் சோதித்த ஆய்வுகளில், அடக்கும் நேரத்தை நீட்டியதால் போதை பெரிதாகக் கூடவில்லை. டிஹெச்சி நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குச் சில நொடிகளில் போய்விடுகிறது. அதற்கு மேல் அடக்கிவைக்கும் நேரம் முழுவதும் தார் படிவதற்கும் கார்பன் மோனாக்சைடு கலப்பதற்கும்தான் பயன்படுகிறது. எந்த டிப்பும் திருத்த முடியாத பிழை இது.

கரி பிடிப்பதும் விடுவதும்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தவர்கள் வெளியே 25 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். அங்கே ஏற்கெனவே பரவலாக இருந்த ஒரு பொருளுக்கு இப்போது இன்னும் கிராக்கி: ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர். பீடித்துண்டைவிடச் சின்ன காகிதக் குழல். இரு முனையிலும் துளையிட்ட மூடி. உள்ளே கறுப்பு மணிகள். அந்தக் குழலைப் பிரித்துக் கொட்டினால், உள்ளங்கையில் கடுகைவிடச் சிறிய கரித்துணுக்குகள் உருளும். விரலில் தேய்த்தால் லேசாகக் கறுப்பு ஒட்டும். இந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்த் தொட்டியில் செய்தது.

தேங்காய்த் தொட்டிக்கரி நமக்குப் பழக்கமான சரக்கு. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கமும் இலங்கையிலும் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, நீராவியால் பதப்படுத்தி உலகமெங்கும் அனுப்புகிறார்கள். குடிநீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுக்கவும் முகக்கவசங்களுக்கும் அது போகிறது. தொட்டிக்கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். சின்னச் சின்ன வாயு மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே, கரி ஃபில்டர் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தொண்டையை எரிக்கும் அக்ரோலின், புற்றுநோயோடு தொடர்புடைய பென்சீன் போன்ற ஆவிகளைக் கரி குறைக்கும் என்பது சிகரெட் ஆராய்ச்சியில் நன்றாகத் தெரிந்த விஷயம். கஞ்சாப் புகையில் எரிச்சலூட்டும் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. கனடா அரசின் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், கஞ்சாப் புகையில் அம்மோனியா சிகரெட் புகையைவிட 20 மடங்கு வரை இருந்தது. ஹைட்ரஜன் சயனைடு மூன்று முதல் ஐந்து மடங்கு. இவற்றில் ஒரு பகுதி குறைந்தாலும் இழுப்பு இதமாகத்தான் இருக்கும். புகைப்பவர் உணரும் வித்தியாசம் கற்பனையில்லை.

கரி எதை விட்டுவிடுகிறது என்பதுதான் கேள்வி. கார்பன் மோனாக்சைடு கரியில் நிற்காது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து இதயத்துக்குச் சுமை ஏற்றும் அந்த வாயு, எந்த டிப் வழியாகவும் தடையின்றிப் போகும். தார்த்துளிகள் வாயு மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை என்பதால் நுண்துளைகளுக்குள் நுழைவதில்லை. மணிகளின் மேல் கொஞ்சம் படியும். பெரும்பகுதி மணிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். டிஹெச்சி ஏறுகிறது என்றால் தாரும் ஏறுகிறது என்ற விதிக்குக் கரியும் கட்டுப்பட்டதுதான். போதை குறையாது, நஞ்சு மட்டும் குறையும் என்று விற்பவர் சொன்னால், அதே துளியில் இருக்கும் தார் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நன்மையின் உள்ளேயே இருக்கிறது. இருமல் உடம்பின் காவல்காரன். எரிச்சல் வந்தால் இழுப்பு சுருங்கும், மூச்சு தானாக வெளியேறும். எரிச்சலை மட்டும் எடுத்துவிட்டால் இழுப்பு நீளும், மூச்சு ஆழமாகும், புகை நுரையீரலின் கடைசிக் கிளை வரை இறங்கும். தொண்டைக்குக் கிடைத்த சலுகையின் செலவை நுரையீரல் ஏற்கிறது.

சிகரெட் எழுதிவைத்த பாடம்

புகையை மென்மையாக்கும் ஆசை நம் ஊரிலும் பழையது. சாதுக்கள் பிடிக்கும் சிலும்பியின் கழுத்தில், நெருப்பும் தூளும் வாய்க்கு வராமல் இருக்க ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள்; வாய் வைக்கும் முனையில் ஈரத்துணி சுற்றுவார்கள். சூடு தணியும், பொறி நிற்கும். ஆனால், அதை வைத்து 'ஆபத்தில்லை' என்று சந்தையில் வாக்குறுதி விற்றவர் யாருமில்லை. அந்த வியாபாரத்தைக் கண்டுபிடித்தது 20-ஆம் நூற்றாண்டின் சிகரெட் கம்பெனிகள்.

1950-ல் அமெரிக்காவில் விண்டரும் கிரஹாமும், பிரிட்டனில் டாலும் ஹில்லும், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் கம்பெனிகள் கொடுத்த மருந்துதான் ஃபில்டர். 1950-ல் அமெரிக்காவில் ஃபில்டர் சிகரெட் பிடித்தவர் அபூர்வம். பத்தே ஆண்டில் விற்பனையில் பாதி அதுவாகிவிட்டது. லோரிலார்ட் கம்பெனி 1952-ல் இறக்கிய கென்ட் சிகரெட்டின் 'மைக்ரோனைட்' ஃபில்டர், உடல்நலத்தின் காவலனாக விளம்பரம் செய்யப்பட்டது. அதன் உள்ளே இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்பெஸ்டாஸ் வகைகளிலேயே மிகக் கொடியதாகக் கருதப்படுவது. 1956 வரை அது விற்பனையில் இருந்தது.

இன்னொரு நிகழ்வு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியின் வேதியியலாளர் கிளாட் டீக், 1953-ல் ஒரு யோசனை சொன்னார். புகை பட்டதும் நிறம் மாறும் பொருளை ஃபில்டரில் சேர்க்கலாம். அது நன்றாக வேலை செய்வதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும் என்பது அந்த யோசனை. வடிகட்டுவதைவிட, வடிகட்டுவதாகத் தோன்றுவதுதான் விற்கும் என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி டிப்பின் பழுப்பைப் பார்த்து நிம்மதி அடைபவரும், கரிக்குழலை முகர்ந்து 'எவ்வளவு பிடித்திருக்கிறது' என்று வியப்பவரும் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஃபில்டரில் நுண்துளை இட்டு, காற்றைக் கலந்து, 'லைட்', 'மைல்ட்' என்று பெயர் சூட்டினார்கள். இயந்திரம் இழுத்தபோது தார் குறைவாகக் காட்டியது. மனிதர் இழுத்தபோது விரலும் உதடும் துளைகளை மூடின, இழுப்பு ஆழமானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த மாற்றங்களால் மக்களின் உடல்நலத்துக்குப் பலன் கிடைத்ததாகச் சான்று இல்லை என்று முடித்தது. நுரையீரலின் ஓரக்கிளைகளில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் கூடியதற்கு, 1950-களுக்குப் பிறகு சிகரெட்டின் அமைப்பு மாறியதுதான் காரணம் என்று 2014-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை சொன்னது. துளையிட்ட ஃபில்டர் மீதும் அது சந்தேகத்தைப் பதிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-லும் அமெரிக்கா 2010-லும் 'லைட்' போன்ற சொற்களைச் சிகரெட் பெட்டியிலிருந்து அகற்றின. அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

எந்த டிப்பும் தொடாத இடம்

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கஞ்சாப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டில் நிரூபணமானது போன்ற தொடர்பு இதுவரை நிறுவப்படவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2017-ல் வெளியிட்ட விரிவான அறிக்கை அதை ஒப்புக்கொண்டது. நீண்ட காலம் கஞ்சா புகைப்பவர்களுக்கு இருமல், சளி, அடிக்கடி வரும் மூச்சுக்குழாய் அழற்சி ஆகியவை கூடுகின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகவும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை.

ஆனால், கஞ்சாவின் மிகப் பெரிய கவலை நுரையீரலில் இல்லை, மூளையில். 2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த மார்டா டி ஃபோர்ட்டி குழுவின் ஆய்வு, ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் மனச்சிதைவு வகை நோய்க்கு முதல்முறை ஆளானவர்களை ஆராய்ந்தது. டிஹெச்சி அதிகமுள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு அந்த வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. வீரியமான கஞ்சா கிடைக்காமல் இருந்திருந்தால், ஆம்ஸ்டர்டாமில் அத்தகைய புதிய நோயாளிகளில் பாதிப்பேர் வரை நோய்க்கு ஆளாகாமல் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. இங்கே டிப்புக்கு வேலையே இல்லை. போதையை உள்ளே விடுவதற்காகவே செய்த பொருள், போதையால் வரும் கேட்டைத் தடுக்க முடியாது.

புகையிலைக் கலப்பு அடுத்த சிக்கல். ஐரோப்பாவில் பெரும்பாலோர் ஜாயின்ட்டில் புகையிலை சேர்த்தே சுருட்டுகிறார்கள். நெதர்லாந்தில் 2008 ஜூலை 1 முதல் உணவகம், மதுக்கடைகளோடு காஃபிஷாப்களுக்குள்ளும் புகையிலை புகைக்கத் தடை வந்தது. தனிக் கஞ்சா புகைக்கலாம், புகையிலை கலந்தது கூடாது என்ற வினோத நிலை உருவானது. கலந்து புகைப்பவர் கஞ்சாவை எப்போதாவது தொடுவதாக நினைத்துக்கொண்டே நிக்கோட்டினுக்கு அடிமையாகிறார். 'ஃபில்டர் இருக்கிறதே' என்ற ஆறுதல் அந்த வலையை இன்னும் மிருதுவாக்குகிறது.

அப்படியானால் எது குறைக்கும்?

எரிக்காமல் இருப்பதுதான் முதல் பதில். தாரும் கார்பன் மோனாக்சைடும் நெருப்பின் பிள்ளைகள். நெதர்லாந்தில் 2003 முதல் மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டுக்குக் கஞ்சா கிடைக்கிறது. அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் அரசு அலுவலகம், நோயாளிகளுக்குப் புகைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. கஷாயமாகக் குடிக்கவோ, ஆவியாக்கி உள்ளிழுக்கவோ சொல்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டாக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆவியாக்கும் கருவி ஜாயின்ட்டுக்கு இணையான டிஹெச்சியை ரத்தத்தில் ஏற்றியது. கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தது. கஞ்சாவை மருந்தாகக் கையாளும் இடத்தில் எந்த ஃபில்டர் நல்லது என்ற பேச்சே எழவில்லை. நெருப்பையே விலக்கிவிட்டார்கள்.

ஆவியிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 2019-ல் அமெரிக்காவில், ஆவியாக்கி இழுக்கும் கள்ளச்சந்தை வேப் எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் நுரையீரலைக் குலைத்ததில், 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். மூளைக்கான ஆபத்தும் எல்லா வழியிலும் அப்படியே இருக்கிறது.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்று சட்டம் வகுத்தாலும், அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. போதைக்கு அடிமையாகி, தானாக முன்வந்து சிகிச்சைக்குச் செல்பவருக்கு அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. பிள்ளையின் பையில் சுருட்டும் காகிதத்தையும் டிப்பையும் பார்த்துப் பதறும் பெற்றோர், அடிப்பதற்கும் மறைப்பதற்கும் முன்னால் இந்த எண்ணை அழைக்கட்டும்.

சட்டம் தளர்ந்த நாடுகளின் அரசுகளுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சரக்கின் எடைக்கும் வாங்குபவரின் வயதுக்கும் விதி எழுதியவர்கள், டிப்பின் பெட்டியில் அச்சிடும் வாக்குறுதிக்கும் விதி எழுத வேண்டும். 'மென்மை' என்று போட்டுக்கொள்ளட்டும், அது உண்மை. 'சுத்தம்', 'ஆரோக்கியம்', 'நஞ்சைத் தடுக்கும்' என்று போட வேண்டுமானால், தனிப்பட்ட ஆய்வுக்கூடத்தின் சான்றோடு போடட்டும். எதைத் தடுக்காது என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். சிகரெட்டில் இந்த விதி வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் பல லட்சம் பேர் ஃபில்டரை நம்பிப் புகைத்தார்கள், நம்பியபடியே இறந்தார்கள். இரண்டாவது முறை தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.